நிலக்கடலை வேர்முடிச்சின் செந்நிறமும், அதனுள் வாழும் அணுஜீவிகள் இரும்பின் நிலையறிந்து தொழில் புரியும் விதமும்

தர்மபுரி ஜில்லா, கம்பைநல்லூர் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு நிலக்கடலை புதிய பயிர் அன்று. மேட்டுப்பாங்கான செம்மண் புன்செய்களில் ஆடிப்பட்டத்து மானாவாரியாகவும், கிணற்றுத் தோட்டக்கால்களில் இறவைப் பயிராகவும் அது நெடுங்காலமாகச் சாகுபடி செய்யப்பட்டு வருகிறது. ஆயினும் விதைத்து ஒரு மாதம் கழிந்ததும் பயிர் வெளிறி மஞ்சள் நிறம் அடைவதும், அதைக் கண்ட மாத்திரத்தில் குடியானவர் யூரியா வாங்கி இடுவதும், சில நிலங்களில் அதனால் பயிர் தேறுவதும், வேறு சில நிலங்களில் செலவு மட்டுமே மிஞ்சுவதும் ஆங்காங்கே காணப்படுகின்றன. ஒரே உரம், ஒரே பயிர். பலன் மட்டும் இருவிதமாவது எதனால்? இவ்வினாவுக்கு விடை இலையில் இல்லை. வேரில் ஒட்டியிருக்கும் கேழ்வரகு மணியளவான சிறு முடிச்சுகளினுள் இருக்கிறது. சென்ற சில பத்தாண்டுகளில் விஞ்ஞானிகள் அம்முடிச்சுகளில் கண்டறிந்த விஷயங்களை இயன்றவரை எளிய முறையில் இங்கு விளக்குவோம்.

வேர்முடிச்சு என்பது யாது?

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் ஆகும். பயிர்கள் தழைச்சத்து என்று வேண்டுவது இதையே. எனினும் காற்றிலுள்ள நிலையில் இதை எந்தப் பயிரும் தானாக உட்கொள்ள இயலாது. பயறு, உளுந்து, துவரை, கொள்ளு, நிலக்கடலை முதலிய பயறுவகைப் பயிர்கள் மட்டும் தம் வேர்முடிச்சுகளின் உதவியால் காற்றின் நைட்ரஜனைப் பயன்படுத்திக் கொள்ளுகின்றன என்பதை ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் 1886-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்முடிச்சுகளிலிருந்து அணுஜீவியைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்தவர் ஹாலந்து தேசத்து பையரிங்க், ஆண்டு 1888. இந்தியாவில் இவ்வாராய்ச்சியை 1920-இல் என். வி. ஜோஷி என்பார் தொடங்கி வைத்தார்.

நிலக்கடலைக்குரிய அணுஜீவிகள் பிராடிரைசோபியம் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. பக்கவேர்கள் வெடித்துப் புறப்படும் இடத்திலுள்ள நுண்ணிய பிளவுகளின் வழியாக இவை வேரினுள் நுழைகின்றன. ஆகையினாலேயே நிலக்கடலையின் முடிச்சுகள் பக்கவேர்களின் கக்கங்களில் அமைந்திருப்பதைக் காணலாம். பயிர் தன் இலையில் சமைத்த சர்க்கரையை அணுஜீவிக்கு அளிக்கிறது. அணுஜீவி காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிப் பயிருக்கு அளிக்கிறது. வாரத்துக்கு உழும் குடியானவனும் நிலச்சுவான்தாரும் போல, இருவரும் தத்தம் பங்கை ஒழுங்காகச் செலுத்தும்வரை இருவருக்கும் லாபம்.

செந்நிறத்தின் காரணம்

நன்கு தொழில் புரியும் முடிச்சு ஒன்றைக் கூரிய கத்தியால் இரண்டாக நறுக்கினால் உட்புறம் இளஞ்சிவப்பாகவோ, இரத்தச் சிவப்பாகவோ இருக்கும். இது சாயத்தைப் போன்ற ஏதோ ஒரு நிறம் அன்று. நம் இரத்தத்தைச் சிவக்கச் செய்யும் அதே பொருளால் உண்டான நிறம். 1939-இல் ஜப்பானியரான குபோ என்பவர் சோயா மொச்சையின் வேர்முடிச்சில் இதைக் கண்டறிந்தார். இரத்தத்தில் இருப்பதை ஹீமோகுளோபின் என்பது போல, பயறுவகை முடிச்சில் இருப்பதை லெக்ஹீமோகுளோபின் என்பர்.

ஹீமோகுளோபினில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று குளோபின் என்னும் புரதம். மற்றொன்று அப்புரதத்தின் மடியில் அமர்ந்திருக்கும் ஹீம் என்னும் சிறு பொருள். நான்கு வளையங்கள் இணைந்து ஒரு தட்டுப்போல் ஆகி, அத்தட்டின் நடுமையத்தில் ஓர் இரும்பணு பதிந்திருப்பதே ஹீம் ஆகும். பிராணவாயு வந்து ஒட்டுவது இந்த இரும்பின்மீதே. இரும்பு இல்லையேல் ஹீம் இல்லை. ஹீம் இல்லையேல் செந்நிறமும் இல்லை.

முடிச்சுக்கு இப்பொருள் எதற்கு? நைட்ரஜனை மாற்றும் தொழிலை அணுஜீவியினுள் செய்வது நைட்ரோஜினேஸ் என்னும் நொதி. இதுவும் இரும்பாலானது, மாலிப்டினமும் இதில் உண்டு. இந்நொதி பிராணவாயு பட்டவுடன் கெட்டுவிடும் இயல்புடையது. ஆனால் அணுஜீவியோ பிராணவாயு இன்றி உயிர் வாழாது. இவ்விரண்டு முரண்பட்ட தேவைகளையும் ஒருங்கே தீர்ப்பது லெக்ஹீமோகுளோபின். அது பிராணவாயுவை இறுகப் பிடித்து வைத்துக்கொண்டு, தனித்துத் திரியவொட்டாமல் தடுத்து, அணுஜீவியின் சுவாசத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பிராணவாயுவின் அளவை அறியும் புரதம்

அணுஜீவி மண்ணில் தனித்து வாழும்போது நைட்ரஜனை மாற்றும் நொதியைச் செய்துகொள்வதில்லை. செய்தாலும் காற்றுப் பட்டு அது வீணாகிவிடும். முடிச்சினுள் குடியேறிய பிறகே அதைச் செய்யத் தொடங்குகிறது. கண்ணும் காதும் இல்லாத அவ்வுயிர், தான் மண்ணிலிருக்கிறோமா முடிச்சினுள் இருக்கிறோமா என்பதை எவ்வாறு அறிகிறது?

இதை உணர ஜீன் என்பது யாதெனத் தெரிதல் அவசியம். ஒவ்வோர் உயிரணுவிலும் அதற்கு வேண்டிய புரதங்களைச் செய்வதற்கான கட்டளைகள் எழுதி வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கட்டளையும் ஒரு ஜீன். தாலுகா கச்சேரியில் ஆயிரம் பதிவேடுகள் இருப்பினும் அன்றன்று வேண்டியவை மட்டும் எடுத்துப் பிரிக்கப்படுவது போல, உயிரணுவும் தன் ஜீன்களில் வேண்டியதை மட்டும் திறந்து வாசிக்கிறது. எதைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்பதைச் சில புரதங்கள் நிர்ணயிக்கின்றன.

குதிரைமசால் பயிரின் முடிச்சில் வாழும் அணுஜீவியை அமெரிக்க தேசத்தில் ஆராய்ந்த கில்லஸ்-கொன்சாலஸ், டிட்டா, ஹெலின்ஸ்கி ஆகியோர் 1991-இல் ஒரு முக்கிய உண்மையை வெளியிட்டனர். ஃபிக்ஸ்-எல் என்னும் புரதம் ஒன்று தன்னுள் ஹீமைத் தாங்கி நிற்கிறது. அந்த ஹீமின் இரும்பின்மீது பிராணவாயு அமர்ந்திருக்கும்வரை அப்புரதம் வாளாவிருக்கும். முடிச்சினுள் பிராணவாயு குறைந்து, இரும்பின்மீதிருந்து அது நீங்கிய உடனே, ஃபிக்ஸ்-எல் விழித்தெழுந்து ஒரு பாஸ்பேட் துணுக்கை ஃபிக்ஸ்-ஜே என்னும் மற்றொரு புரதத்திடம் ஒப்படைக்கிறது. இத்துணுக்கைப் பெற்றதும் ஃபிக்ஸ்-ஜே சென்று நைட்ரஜன் தொழிலுக்குரிய ஜீன்களைத் திறக்கும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. முதலாவது புரதம் காவற்காரன். இரண்டாவது புரதம் ஓலை கொண்டுசெல்லும் தூதுவன். காவற்காரனின் கையிலுள்ள கருவியோ இரும்பு பொதிந்த ஹீம்.

ஹீமையே அறிந்து நடக்கும் புரதம்

இனி இதனினும் நுட்பமான ஓர் ஏற்பாட்டைக் கூறுவோம். அணுஜீவி ஹீமைச் செய்வது பல படிகளில் நிகழும் தொழிலாகும். முதலில் வளையங்கள் செய்யப்பட்டு, அவை இணைந்து தட்டாகி, கடைசிப் படியில் ஃபெர்ரோகிலேட்டேஸ் என்னும் நொதி அத்தட்டின் நடுவில் இரும்பைப் பதிக்கிறது. இரும்பு கிடையாத காலத்தில் முதற்படிகள் மட்டும் நடந்துகொண்டே போனால் என்னாகும்? இரும்பு பதியாத வெறுந்தட்டுகள் மலைபோல் குவியும். அவை உயிரணுவுக்கு நஞ்சு. ஆகையால் இரும்பின் வரவறிந்து தொழிலின் தொடக்கத்தையே கட்டுப்படுத்தும் ஒரு மேற்பார்வை அவசியமாகிறது.

சோயா மொச்சைக்குரிய பிராடிரைசோபியத்தில் இம்மேற்பார்வையைச் செய்வது 'இர்' என்னும் புரதம். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ஓப்ரையன் என்பாரும் அவருடன் உழைத்தவர்களும் 1998 முதல் இதன் தொழிலை ஒவ்வொன்றாக வெளியிட்டனர். இரும்பு குறைந்திருக்கும்போது 'இர்' நிலைத்திருந்து, ஹீம் செய்யும் படிகளில் ஒன்றுக்குரிய ஜீனை மூடி வைக்கிறது. இரும்பு கிடைத்ததும் ஹீம் உண்டாகிறது. அந்த ஹீம் வந்து 'இர்' புரதத்தின்மீது ஒட்டுகிறது. ஒட்டிய மாத்திரத்தில் 'இர்' சிதைந்து அழிகிறது. தடை நீங்கவே ஜீன் திறக்கப்படுகிறது.

ஆற்றுக்கால்களில் மணலும் தழையும் கொண்டு கட்டும் கொரம்பை இதற்கு உவமையாகக் கூறலாம். நீர் சிறுத்து ஓடும்போது கொரம்பு நின்று நீரைத் தடுக்கும். வெள்ளம் வந்தால் அதை வெட்டிவிட ஆள் வேண்டுவதில்லை. வெள்ளமே அதைக் கரைத்துக்கொண்டு போகும். அதுபோல ஹீம் வரும்போது 'இர்' தானே கரைந்து வழிவிடுகிறது. மேலும் 'இர்' புரதம் ஃபெர்ரோகிலேட்டேஸ் நொதியை அடுத்தே நின்று, ஹீம் உண்டாகும் இடத்திலேயே அதை அறிந்துகொள்ளுகிறது என்பது 2002-இல் புலனாயிற்று. ஆகவே இவ்வணுஜீவி இரும்பை நேரே எண்ணிப் பார்ப்பதில்லை. இரும்பால் ஆன சரக்கு தயாராகிறதா என்பதைக் கொண்டே இரும்பின் நிலையை மதிப்பிடுகிறது. வெளியிலிருந்து இரும்பை ஈர்க்கும் ஜீன்களும் இதே 'இர்' புரதத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை.

நிலக்கடலை முடிச்சில் வாழ்வதும் இதே பிராடிரைசோபியம் இனமே. ஆதலின் மேற்கூறியவை யாவும் தூரதேசத்து ஆராய்ச்சிச்சாலைச் செய்திகள் அல்ல. நம் கொல்லையில் மண்ணுக்கடியில் நாள்தோறும் நடைபெறும் காரியங்களே.

சிவந்த மண்ணில் இரும்புக்குப் பஞ்சம்

இங்கு ஒரு நியாயமான ஐயம் எழலாம். நம் வட்டாரத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் ஆனது. அப்படியிருக்க இரும்புக்குக் குறை ஏது? மண்ணில் இருப்பது வேறு. பயிருக்குக் கிடைப்பது வேறு. மண்ணிலுள்ள இரும்பு பெரும்பாலும் நீரில் கரையாத துரு நிலையில் இருக்கிறது. சுக்கான்கல் கலந்த நிலங்களிலும், களர் ஏறிய நிலங்களிலும், மண்ணின் காரத்தன்மை மிகுவதால் இரும்பு மேலும் இறுகிவிடுகிறது. அவ்வித நிலத்தில் மிகுதியாக நீர் பாய்ச்சித் தேங்கவிட்டால் குறை இன்னும் அதிகரிக்கும். பத்தாயம் நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்தவன் பட்டினி கிடப்பதை இது ஒக்கும்.

தாய்லாந்து தேசத்துச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் நிலக்கடலையைப் பயிரிட்டு ஆராய்ந்தவர்கள் 1988-இல் தெரிவித்த முடிவு நமக்கு மிகவும் பயனுடையது. இரும்புக்குறையால் அணுஜீவி வேரில் நுழைவது தடைப்படவில்லை. நுழைந்த பிறகு முடிச்சு வளர்ந்து பெருகுவதே தடைப்பட்டது. செந்நிறமும், நைட்ரஜன் தொழிலும் அதனால் குன்றின. ஹீமுக்கு இரும்பு, நைட்ரோஜினேஸ் நொதிக்கு இரும்பு, காவற்காரப் புரதத்துக்கும் இரும்பு என்பதை மேலே கண்டோம். ஆகையால் இம்முடிவு வியப்புக்குரியதன்று.

இருவகை மஞ்சளை வேறுபடுத்தி அறிதல்

முதலாவது, தழைச்சத்துக் குறையால் வரும் மஞ்சள். இது அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கி, இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். முடிச்சுகள் அமையாமையோ, அமைந்தும் தொழில் செய்யாமையோ இதற்குக் காரணமாகலாம்.

இரண்டாவது, இரும்புக்குறையால் வரும் மஞ்சள். இது நுனியிலுள்ள இளம் இலைகளில் தொடங்கும். நரம்புகள் பச்சையாக நிற்க, நரம்புகளின் இடைப்பாகம் மட்டும் மஞ்சளாகும். குறை முற்றினால் இளந்தளிர் வெண்மையாகவே வெளுத்துவிடும். இதற்கு யூரியா இடுதல், தாகத்துக்குச் சோறிட்டது போலாகும்.

இரும்புக்குறை நீடித்தால் முடிச்சுகள் குன்றி, பின்னர் தழைச்சத்துக் குறையும் வந்து சேரும் என்பதையும் மறத்தலாகாது. எனவே இலையை மட்டும் பார்த்துத் தீர்மானியாமல் முடிச்சையும் சோதித்தல் நலம்.

முடிச்சைச் சோதிக்கும் முறை

விதைத்த 30 முதல் 40 நாட்களுக்குள், மண் ஈரமாக இருக்கையில், நிலத்தின் ஐந்து இடங்களில் ஐந்து செடிகளைக் களைக்கொத்தால் ஆழமாகக் கெல்லி, வேரறாமல் எடுக்கவேண்டும். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். வேரை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி, சில முடிச்சுகளைக் கூரிய பிளேடால் நறுக்கிப் பார்க்கவேண்டும்.

உட்புறம் சிவந்திருப்பின் முடிச்சு நன்கு தொழில் செய்கிறது. யூரியாவுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. அன்றியும், மண்ணில் தழையுரம் மிகுந்தால் பயிர் முடிச்சு வளர்ப்பதையே குறைத்துக்கொள்ளும். உட்புறம் வெண்மையாயிருப்பின் முடிச்சு இன்னும் இளமையானது, அல்லது பயனற்றது. ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பின் முடிச்சின் ஆயுள் முடிந்தது என்று கொள்க. அறுவடையை நெருங்கும் பயிரில் இது இயற்கையே. முடிச்சுகளே மிகச் சிலவாக இருப்பின் அந்நிலத்தில் தக்க அணுஜீவிகள் இல்லாதிருக்கலாம்.

செய்யவேண்டிய காரியங்கள்

1. விதை நேர்த்தி: நிலக்கடலைக்கென்று தயாரித்த ரைசோபியம் பொட்டலங்களை (ஒவ்வொன்றும் 200 கிராம்) ஹெக்டேருக்கு 3 வீதம் எடுத்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின்மீது தோல் உரியாதவாறு மெதுவாகப் பூசி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்கவேண்டும். பூஞ்சாண மருந்து கலப்பதாயின் அதை முன்னதாகச் செய்து, குறைந்தது 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் பூசுதல் வேண்டும். பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குக. அதனுள் இருப்பது உயிர்; வெயிலில் வைத்தால் இறந்துவிடும்.

2. இரும்புக்குறை கண்ட பயிருக்கு: அன்னபேதி உப்பு 50 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம் ஆகிய இரண்டையும் 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மாலை வேளையில் இளம் இலைகள் நனையுமாறு தெளிக்கவேண்டும். பத்து நாள் இடைவெளியில் மீண்டும் ஒருமுறையோ இருமுறையோ தெளிக்கலாம். அன்னபேதி பசுமையான பளிங்காக இருத்தல் வேண்டும், பழுப்பேறியது பயன்தராது. கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும். முதலில் ஒரு சிறு பாத்தியில் தெளித்து இலை கருகாமை கண்டு பிறகு முழுதும் தெளித்தல் புத்திசாலித்தனம். சுக்கான் நிலத்தில் அன்னபேதியைத் தனியே மண்ணில் இட்டால் அது விரைவில் துருவாகி இறுகிவிடும். தொழுவுரத்துடன் கலந்து இடுதல் அதனினும் மேல்.

3. நீர் நிர்வாகம்: தேங்கும் நீரை வடித்துவிடுக. முடிச்சுக்குக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும்.

4. ஜிப்சம்: விதைத்த 40 முதல் 45 நாட்களில் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவது காய் திரட்சிக்கு உரியது. இது சுண்ணாம்பு போல் மண்ணின் காரத்தை ஏற்றாது. ஆதலால் இரும்புக்குறை உள்ள நிலத்தினரும் இதை அஞ்சவேண்டியதில்லை.

5. மண் பரிசோதனை: சுக்கான் நிலம் உடையவர்கள் விதைப்புக்கு முன்னரே மண்ணைப் பரிசோதித்துக் காரநிலையை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கால்நடை நோய்க்கிருமிகளிடத்தும் இவ்வறிவு உண்டு

ஹீமின் நிலையை அறியும் ஆற்றல் நன்மை செய்யும் அணுஜீவிகளுக்கு மட்டும் உரியதன்று. மாடுகளையும் ஆடுகளையும் திடீரென்று மாய்க்கும் அடைப்பான் நோயின் கிருமி இரத்தத்தில் பெருகுவது. ஹீம் அளவோடு இருந்தால் கிருமிக்கு இரும்பு தரும் உணவு. அளவு மிஞ்சினால் நஞ்சு. ஹீம் மிஞ்சுவதை ஒரு புரதம் உணர்ந்து மற்றொரு புரதத்துக்கு அறிவிக்க, அது அந்நஞ்சை வெளியேற்றும் பம்பு போன்ற புரதத்தின் ஜீனைத் திறந்துவிடுகிறது. இவ்வமைப்பு ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியில் 2007-இலும், அடைப்பான் கிருமியில் 2009-இலும் விளக்கப்பட்டது. இதுபற்றி நம் கடமை ஒன்றே: இயற்கைத் துவாரங்களில் உறையாத கரிய இரத்தம் கசிந்து திடீரென இறந்த கால்நடையை அறுக்கவோ, தோல் உரிக்கவோ கூடாது. உடல் திறக்கப்பட்டுக் காற்றுப் பட்டால் கிருமி விதைமணி போன்ற கடின உருவம் எடுத்து, மண்ணில் பல்லாண்டுகள் கிடக்கும். உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் சொற்படி ஆழப் புதைத்தலோ எரித்தலோ செய்யவேண்டும்.

கிராம அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை

பயிர் நிலையைப் பார்வையிட்டு அறிக்கை அனுப்பும் கிராம அலுவலர்கள், மஞ்சளித்த நிலக்கடலையை எல்லாம் வறட்சியால் வாடியது என்றோ, உரமின்றி மெலிந்தது என்றோ ஒரே பத்தியில் எழுதிவிடலாகாது. மஞ்சள் முதிர்ந்த இலையிலா இளம் இலையிலா என்பதையும், நிலம் சுக்கான் கலந்ததா என்பதையும், நறுக்கிய முடிச்சின் நிறத்தையும் சேர்த்துக் குறித்தனுப்பினால், இலாகாவினர் தக்க மருந்தைத் தக்க காலத்தில் எடுத்துரைக்க இயலும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு களைக்கொத்தும், ஒரு வாளித் தண்ணீரும், ஒரு பிளேடும் போதும்.

காற்றிலுள்ள நைட்ரஜனுக்குத் தீர்வையும் இல்லை, விலையும் இல்லை. அதை நிலத்துக்குக் கொண்டுவரும் சின்னஞ்சிறு உயிர்கள் தமக்கு வேண்டிய இரும்பு வந்ததா என்பதைத் தாமே அளந்து, வந்தால் வேலையைத் தொடங்கி, வராவிடில் நிறுத்திவிடுகின்றன. அவ்விரும்பு அவற்றுக்குக் கிடைக்கும்படி செய்தலும், வேண்டாத யூரியாவால் அவற்றின் வேலையைக் கெடுக்காதிருத்தலும் குடியானவர் கையில் உள்ளன. வரும் ஆடிப்பட்டத்தில் இவ்வட்டாரத்து நிலக்கடலைச் சாகுபடிக்காரர் ஒவ்வொருவரும் முதற்களை எடுத்த பிறகு ஐந்து செடிகளைக் கெல்லி முடிச்சின் நிறத்தைப் பார்த்த பின்னரே உரக்கடைக்குச் செல்வதென்று வழக்கப்படுத்திக்கொள்வாராக.